ரத்தம் நிறுத்துகிற அக்கா

யாரைப் பார்த்தாலும் முதலில் கையையும் காலையும் பார்த்துவிட்டுத்தான் அந்த அக்கா முகத்துக்கு வருவாள். புதுப்புடவை கட்டிக்கொண்டு போய் எதிரே நின்றாலும், "என்னாடி இது முழங்கையில?" என்றுதான் கேட்பாள். எங்கே இடித்துக்கொண்டோம் என்று நமக்கே நினைவில்லாத ஒரு கீறல் அங்கே இருக்கும். புடவையைப் பற்றி ஒரு வார்த்தை வராது. எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். சுனாமிக்கு மறுவருஷம் நான் அங்கே சேர்ந்தேன். சேர்ந்த புதிதிலேயே, துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை என் இடது கையில் இறக்கிக்கொண்டேன். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் பிளந்து ரத்தம் ஒழுகியது. நான் போட்ட கூச்சலில் மிஷின்கள் எல்லாம் நின்றன. சூப்பர்வைசர் ஓடிவந்து என் கையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் என் முன்னால் கிடந்த துணியைப் பிடித்து இழுத்தார். "வெள்ளைத் துணிம்மா, வெள்ளைத் துணி!"

கடைசி மிஷினில் இருந்த அக்கா எழுந்தாள். என் பக்கம் வரவில்லை. பின்கதவு வழியாக வெளியே ஓடினாள். ரத்தத்தைக் கண்டு பயப்படுகிறவள் போலிருக்கிறது என்று நினைத்தேன். திரும்பி வரும்போது உள்ளங்கையில் எதையோ கசக்கிக்கொண்டே வந்தாள். கக்கூஸ் சுவர் ஓரமாக செங்கல் இடுக்கில் ஒரு பூண்டு முளைத்துக் கிடக்கும். நீளமான காம்பு, நுனியில் நடுவே மஞ்சளும் சுற்றிலும் வெள்ளையுமாகச் சின்னப் பூ. வெட்டுக்காயப் பூண்டு என்பார்கள். எங்கேயும் கிடப்பது, அதனாலேயே யாரும் மதிக்காதது. அந்த இலையை அலசிக் கசக்கி எடுத்து வந்திருந்தாள்.

குடத்துத் தண்ணீரில் என் கையைக் கழுவி, பச்சைச் சாற்றை வெட்டில் பிழிந்தாள். எரிந்தது. நான் அவளைத் திட்டினேன் என்றுகூட ஞாபகம். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. கசக்கிய இலையை மேலே வைத்துத் தன் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் விடவில்லை. மிஷின்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. சாப்பாட்டு மணியும் அடித்தது.

"விடுக்கா, நின்னிருக்கும்" என்றேன்.

"பாக்கக் கூடாது. தொறந்து தொறந்து பாத்தா ரத்தத்துக்கு வழி தெரிஞ்சிடும்."

"இம்மாம் நேரம் அமுக்குறதுக்கு எலை எதுக்கு?"

"எலை பாதி, கட்டவெரலு பாதி. பேசாம இரு."

கடைசியில் விரலை எடுத்தாள். இலை காயத்தோடு ஒட்டிப் போயிருந்தது. ரத்தம் இல்லை. "நின்னுடுச்சி உனக்கு" என்றாள். அதில் சந்தோஷம் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. தன் வீட்டுக் குழாய் காய்ந்து கிடக்க, அடுத்த வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதைப் பார்க்கிறவளின் குரலாக இருந்தது. 'உனக்கு' என்று ஏன் சேர்த்துச் சொன்னாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அவளுக்கு மூன்று வயதில் ஒரு மகன் இருந்தான். அவனுக்கு ரத்தம் நிற்காது. அதை அவள் கணவனுக்கே சொல்லியிருக்கவில்லை. எனக்கு மட்டும் சொன்னாள். ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தாள் என்று கேட்டதற்கு, "நீ வாயாடி. உன்ன யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள். அக்கா சிரித்துக்கொண்டு சொன்ன ஒன்றிரண்டு விஷயங்களில் அது ஒன்று.

விஷயம் இதுதான். அவளுடைய கணவர் டிராக்டர் ஓட்டுகிறவர். வெட்டு சீசன் வந்தால் கரும்பு ஏற்றிக்கொண்டு நெல்லிக்குப்பம் ஆலை வாசலில் வரிசையில் கிடப்பார், வீட்டுப் பக்கம் வரமாட்டார். அப்படி ஒரு சீசனில் அக்கா தாய்வீட்டுக்குப் போயிருந்தபோது, குழந்தை விழுந்து உதட்டைக் கடித்துக்கொண்டான். அவள் அம்மா வேலியில் காட்டாமணக்கை ஒடித்துப் பாலைப் பஞ்சில் தொட்டு வைத்தாள். நின்றது. சாயங்காலம் மறுபடி வந்தது. மஞ்சள் வைத்தார்கள், நின்றது, மறுபடி வந்தது. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு அண்ணன் தம்பி இருக்காங்களா?"

இரண்டு தம்பிகள் இருந்தார்கள். ஒருவன் சின்ன வயதில் பல் பிடுங்கி, நாலைந்து நாளில் போனான். இன்னொருவன் சைக்கிளிலிருந்து விழுந்தான். வெளியே காயமே இல்லை, வயிறு உப்பிச் செத்தான். காற்று கறுப்பு என்று ஊர் சொன்னது, அம்மாவும் அப்படியே நம்பினாள். டாக்டரம்மா ஒரு பெயர் சொன்னார். அது அக்காவின் வாயில் நிற்கவில்லை. அர்த்தம் மட்டும் நின்றது. தாய் வழியாகப் பிள்ளைக்கு வருவது, பெண்களுக்கு வெளியே தெரியாது, ஆண் பிள்ளையைப் பிடிக்கும். காயம் பட்டால் உடனே கூட்டி வா, ஊசி போட்டால் நிற்கும், பச்சிலையை நம்பி வீட்டில் வைத்துக்கொள்ளாதே. உன் தங்கையையும் ஒருமுறை கூட்டி வா.

தங்கையை அவள் கூட்டிப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் அக்கா ஊரார் காயத்தை எல்லாம் தேடிப் போனாள் என்று நினைக்கிறேன். முன்னாலும் அவளுக்குப் பச்சிலை தெரியும், பாதிப் பேருக்குத் தெரிந்த அளவு. இப்போது அது பைத்தியம் மாதிரி ஆகிவிட்டது. ஒருநாள் சிதம்பரம் போகும் பஸ்ஸில் கண்டக்டரின் உள்ளங்கையைக் கிழிந்த தகரம் ஒன்று பதம் பார்த்துவிட்டது. அவர் கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு டிக்கெட் கிழிக்கப் பார்த்தார். அக்கா எழுந்து, "வண்டிய நிறுத்துங்க" என்றாள். டிரைவர் யாரோ வாந்தி எடுக்கிறார்கள் என்று நிறுத்திவிட்டார். அவள் இறங்கி, வாய்க்கால் மேட்டில் குனிந்து இலை பறிக்கிறாள். உள்ளே ஐம்பது பேர் கத்துகிறார்கள். "ஏம்மா, கீரை பறிக்கிற நேரமா இது?"

ஏறி வந்து கண்டக்டரைத் தன் ஸீட்டில் உட்காரவைத்து, கையைப் பிடித்தாள். அவர் கூச்சப்பட்டு, "விடும்மா, டிக்கெட் போடணும்" என்றார்.

"இவ போடுவா" என்று என்னைக் காட்டினாள். சிதம்பரம் வரைக்கும் நான்தான் டிக்கெட் போட்டேன். அந்த மனிதருடைய கையை அவள் விடவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் விரலை எடுத்துப் பார்த்தாள். "நின்னுடுச்சி உங்களுக்கு" என்றாள், அதே குரலில்.

சூப்பர்வைசரும் தப்பவில்லை. பாதி இறங்கியிருந்த ஷட்டரில் வழுக்கைத் தலையை இடித்துக்கொண்டு, ஓடிப்போய் டீக்கடையில் ஒரு பிடி காப்பித்தூள் வாங்கி அப்பிக்கொண்டு வந்தார். அக்கா அதைத் தட்டிக் கழுவிவிட்டாள். "காப்பித்தூளு குடிக்கிறதுக்கே பத்தல சார், தலைக்கு வேறயா?" அன்று முழுக்க அவர் தலையில் பச்சையோடு கணக்கு எழுதினார். வெள்ளைத் துணிக்கு நான் அன்றுதான் பழி தீர்த்தேன், கண்ணில் நீர் வரச் சிரித்து.

ஆனால் எது இலைக்கு அடங்கும், எது அடங்காது என்பதில் அவள் தெளிவாகத்தான் இருந்தாள். துரு ஆணி குத்தினால், எலும்பு தெரிந்தால், நாய் கடித்தால், "ஆஸ்பத்திரிக்குப் போ, எலை கீறலுக்குத்தான்" என்று விரட்டுவாள். அந்தத் தெளிவு இருந்தவள்தான் அதைச் செய்தாள். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மகனை நான் பார்த்திருக்கிறேன். வெளுப்பான பிள்ளை, பேச்சு ஜாஸ்தி. முழங்காலில் அடிக்கடி நீலம் பாய்ந்து வீங்கியிருக்கும். அக்கா வீட்டில் மூலை உள்ள சாமான் ஒன்றும் கிடையாது. ஸ்டூல் கால்களுக்கு எல்லாம் கம்பெனித் துண்டுத் துணியைச் சுற்றித் தைத்திருப்பாள். "என்னா, ஸ்டூலுக்கு ஜெட்டி போட்டிருக்க?" என்று அவள் கணவர் கேலி செய்வார். பிள்ளைக்கு ரத்தம் கம்மி, அடிபடக் கூடாது என்று மட்டும் அவரிடம் சொல்லிவைத்திருந்தாள். நல்ல மனிதர். அதனால் பேரீச்சம்பழமாக வாங்கி வந்து அடுக்குவார்.

காதுகுத்துப் பேச்சு ஒவ்வொரு வருஷமும் வரும். கணவருடைய ஊர் சிதம்பரத்துக்குக் கிழக்கே, குலதெய்வக் கோயிலும் அங்கேதான். முதல் பேரன். மொட்டையடித்து, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டும் என்பது மாமியாரின் வேண்டுதல். பிள்ளைக்குக் காய்ச்சல், எனக்கு லீவு இல்லை, தாய்மாமன் இல்லாத பிள்ளைக்கு எதற்கு அவசரம் என்று அக்கா தள்ளிக்கொண்டே வந்தாள். பிள்ளைக்கு ஐந்து வயது ஆனபோது மாமியார் மாசி மாதத்தில் நாளே குறித்துவிட்டாள். மடிக்கு அக்காவின் பெரியப்பா மகன் ஒருவனைத் திருப்பூரிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள். மாமன்மார் மடி ஏன் காலியாக இருக்கிறதோ, அதே காரணத்தால்தான் பிள்ளைக்குக் காது குத்தக் கூடாது. அதை அக்காவும் நானும் மட்டும் அறிவோம்.

"சொல்லித் தொலைக்கா" என்று நான் கத்தினேன்.

"எப்புடிடி சொல்லுவேன்? தங்கச்சிக்கு நிச்சயம் ஆயிருக்குது. மாப்ள எங்க வூட்டுக்காரருக்குப் பங்காளி, தம்பி மொறை. இங்க சொன்னா சாயந்தரம் அங்க தெரிஞ்சிடும். எங்க ரத்தத்துல இப்படின்னு தெரிஞ்சா அவளை யாரு கட்டுவா?"

"அதுக்காக புள்ளையக் குத்துவியா?"

அந்த வாரம் சிதம்பரத்தில் காது குத்தும் பத்தரைத் தனியாகப் போய்ப் பார்த்திருக்கிறாள். குத்தாமல், அழுத்தி மாட்டுகிற கம்மலைப் போட்டுவிடுங்கள், யாருக்கும் தெரியாது என்று கெஞ்சியிருக்கிறாள். "சாமி முன்னால பொய்க் கம்மலா? எனக்கும் புள்ளகுட்டி இருக்குதும்மா" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

பத்தரும் கைவிட்ட பிறகு அவள் மனம் வேறு பக்கம் சாய்ந்தது. என்னிடமே வாதாடினாள். எத்தனை பேருக்கு நிறுத்தியிருக்கிறேன், ஊசி முனை அளவு துளைதானே, காது மடலில் என்ன பெரிய ரத்தம், பக்கத்திலேயே நிற்பேன், விடமாட்டேன். ஊரார் கை எல்லாம் அவளுக்குச் சாட்சி சொன்னது. என் கையும்தான்.

காது குத்திய அன்று மத்தியானம் கம்பெனிக்குப் போன் வந்தது. சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தார். அந்தப் பக்கம் மேளச் சத்தம். "நின்னுடுச்சிடி!" என்றாள். "எலை வச்சி அமுக்குனேன். நின்னுடுச்சி. எல்லாரும் என் கைராசின்றாங்க." அழுதுகொண்டே சிரித்தாள். நானும் மிஷின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். பக்கத்துப் பெண்கள் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள்.

அந்த நோயில் அப்படித்தானாம். முதலில் நின்றது போல இருக்கும், பிறகு தொடங்கும். உதட்டில் அதை அவள் பார்த்தவள்தான். அன்று சாயங்காலமே இரண்டு காதும் கசிய ஆரம்பித்திருக்கிறது. அவள் புது இலை வைத்துப் பிடித்தாள். மறுநாளும் பிடித்தாள். மாமியார் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசினாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் எல்லார் எதிரிலும் கேட்பார், தங்கச்சி கல்யாணம் போய்விடும். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தால் நின்றுவிடும், இன்னும் கொஞ்ச நேரம். பிள்ளை துவண்ட பிறகு அவள் கணவர்தான் பிடுங்கிக்கொண்டு ஓடினார். சிதம்பரத்தில் பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். வண்டி கடலூர் தாண்டும்போதே பிள்ளை போய்விட்டான். அப்போதும் ஒரு காதில் அவள் கட்டைவிரல் இருந்தது என்று அவர் பிறகு என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

பிள்ளைக்கு ஜன்னி கண்டது என்று மாமியார் ஊரில் சொன்னாள். அக்கா அதையும் மறுக்கவில்லை. சில மாதம் தள்ளித் தங்கச்சி கல்யாணம் நடந்தது. நான் போனேன். அக்கா பந்தியில் அப்பளம் வைத்துக்கொண்டு வந்தாள். என் இலைக்கு வந்தபோது ஏறிட்டுப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சோறு இறங்கவில்லை. யார் மேல் கோபம் என்று கேட்டால் அப்போதும் சொல்லத் தெரியாது, இப்போதும் தெரியாது.

இனி பச்சிலை பக்கமே போகமாட்டாள் என்று நினைத்தேன். போனாள். யாருக்காவது ஊசி குத்தினால் பழையபடி பின்கதவு வழியாக ஓடினாள். ஆனால் பிடித்த கையை விடும் நேரம்தான் தெரியாமல் போயிற்று. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்திக்கு விரலில் ஒரு பொட்டு ரத்தம். அக்கா அதை மத்தியானம் பிடித்தவள் கம்பெனி விடும் வரைக்கும் பிடித்திருந்தாள். அந்தப் பெண் பயந்து என்னைப் பார்த்து அழுதது. "அக்கா, அவளுக்கு நின்னுடுச்சி" என்று நான்தான் விரல் விரலாகப் பிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு காயம் பட்டால் பெண்கள் அவளுக்குத் தெரியாமல் மறைக்க ஆரம்பித்தார்கள்.

தங்கச்சிக்கு முதலில் பெண் பிறந்தது. அக்கா அன்று எனக்குக் கோயிலில் இருந்து பொங்கல் வாங்கி வந்தாள். அடுத்தது ஆண். அன்று ஒன்றும் வாங்கி வரவில்லை. அந்தப் பிள்ளை தவழ ஆரம்பித்ததிலிருந்து, வாரம் தவறாமல் சிதம்பரம் போய் அவன் முழங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வருவாள். நீலம் எதுவும் இல்லை. "ஒண்ணும் இல்லடி" என்பாள். தங்கையிடம் சொன்னாயா என்று கேட்டால், "அவ சந்தோசமா இருக்காடி" என்பாள்.

இரண்டாயிரத்துப் பதினொன்று முடிகிற நேரத்தில் பெரிய புயல் அடித்து, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் தெருவில் கூரைத் தகரங்கள் பறந்தன. மறுநாளிலிருந்து கோடாலி வெட்டும் தகரக் கிழிசலுமாக வீட்டுக்கு ஒரு காயம். அக்கா வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். அந்த அலைச்சலில் இருக்கும்போதுதான் தங்கச்சியின் பத்திரிகை வந்தது. மாசியில் பிள்ளைக்குக் காதுகுத்து. அதே கோயில்.

காதுகுத்துக்கு முதல் நாள் இரவு அக்கா போனில் தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தங்கை நம்பவில்லை. "உன் புள்ள போயிட்டான்னு என் புள்ள மேல கண்ணு வைக்கிறியாக்கா?" என்று கேட்டிருக்கிறாள். விடிந்ததும் அக்கா என் வீட்டு வாசலில் நின்றாள். "கூட வாடி" என்றாள். போனேன்.

கோயிலில் கூட்டம். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளை, அதே பெரியப்பா மகன் மடியில் உட்கார்ந்திருந்தான். வாயில் வாழைப்பழம். பத்தர் ஊசியோடு குனிந்தார். அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், பிள்ளையின் இரண்டு காதையும் தன் கைகளால் பொத்திக்கொண்டாள்.

"கையை எடும்மா" என்றார் பத்தர்.

"எடுக்க மாட்டேன்."

"அக்கா, மானத்த வாங்காத" என்று தங்கை பல்லைக் கடித்தாள்.

அக்கா நிமிர்ந்து எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். "எங்க வூட்டு ஆம்பளைங்களுக்கு ரத்தம் நிக்காது. எங்க தம்பி ரெண்டு பேரும் அதுலதான் செத்தானுங்க. எம் புள்ளையும் அதுலதான் செத்தான். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குத்த வுட்டேன். இவனுக்கும் இருக்கலாம். பாக்காம குத்தாதீங்க."

மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். அக்காவின் மாமியார் மண்ணை வாரித் தூற்றினாள். சம்பந்தி வீட்டார் தங்கையைப் பார்த்துக் கேட்ட கேள்விகளை நான் எழுத விரும்பவில்லை. அக்காவின் கணவர் பந்திக்குத் தண்ணீர்க் குடம் தூக்கி வந்துகொண்டிருந்தார். கேட்டதும் குடத்தை மெதுவாகக் கீழே வைத்தார். அக்காவின் பக்கத்தில் வந்து, "தெரியுமா உனக்கு?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் அப்படியே வெளியே நடந்து பஸ் ஏறிப் போனார். அதற்குப் பிறகு அவர் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிள்ளையைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போய்ச் சோதித்தார்கள். அவனுக்கு அந்த நோய் இல்லை. ஒன்றும் இல்லை. தங்கைக்குத் தாய் வழியில் அது இறங்கியதோ இல்லையோ, பிள்ளைக்கு இறங்கவில்லை. இது போதும் ஊருக்கு. பொறாமையில் புளுகினாள், பெற்ற பிள்ளையைக் கொன்றவள் தங்கச்சி பிள்ளையின் சுபகாரியத்தைக் கெடுத்தாள் என்று பேசினார்கள். தங்கை ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள், இனி என் வாசல் மிதிக்காதே என்று.

அக்கா அப்போது என் தெருவில் ஒரு ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். சேதி சொல்ல வந்தவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். "புள்ளைக்கு ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்களா? நீ கண்ணால பாத்தியா?" என்று அதையே மாற்றி மாற்றிக் கேட்டாள். மிதிக்காதே என்றது அவள் காதில் விழுந்ததா என்றே எனக்குச் சந்தேகம்.

ஆவணியில் மறுபடி நாள் வைத்தார்கள். அக்காவுக்கு அழைப்பு இல்லை. ஆனாலும் அவள் கிளம்பினாள், நானும் போனேன். திட்டினேன், திட்டிக்கொண்டே போனேன். கோயிலுக்கு எதிரே, குளத்துக்கு இந்தப் பக்கம் வாகை மரத்தடியில் நின்றோம். மேளம் உச்சத்துக்குப் போனது. பிள்ளை வீறிட்டான். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அழுகை கொஞ்ச நேரத்தில் ஓய்ந்தது.

"குத்தியாச்சிக்கா. வா, போவலாம்."

"இரு."

பந்தி நடந்தது. எங்கள் பக்கம் சாம்பார் வாசனை வந்தது. எனக்குப் பசித்தது. பஸ்கள் போயின. சாப்பிட்டவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு வேனில் ஏறிப் போனார்கள். அவள் நகரவில்லை. முதலில் நிற்பதை அவள் நம்பமாட்டாள் என்று எனக்குப் புரிந்தது. அதற்கப்புறம் நான் கூப்பிடவில்லை. வெயில் சாய்ந்தது.

கடைசியாகத் தங்கை குடும்பம் கிளம்பியது. ஆட்டோ எங்கள் பக்கம்தான் நின்றிருந்தது. தங்கை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குளக்கரையோடு வந்தாள். எங்களைப் பார்த்துவிட்டாள். முகம் மாறியது. பிள்ளை, "பெரிம்மா" என்று கையை நீட்டினான். அவள் சட்டென்று அவன் தலையைப் பிடித்து, முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பித் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். அப்படியே எங்களைக் கடந்து போனாள்.

முகத்தைத் திருப்பியதில் இந்தப் பக்கத்துக் காது எங்களுக்கு நேராக வந்தது. சின்னத் தங்கக் கம்மல், அதைச் சுற்றிக் காய்ந்த மஞ்சள். ரத்தம் இல்லை. ஆட்டோ கிளம்பும் வரைக்கும் அக்கா அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.